நாற்பத்தேழாம் பக்கத்துக் காற்று

நன்றாகப் பழக்கிய பருந்து ஒன்றின் விலை பதினெட்டுப் பொற்காசு. பேரம் கிடையாது. ஐம்பத்தாறாம் பக்கத்தில் அச்சடித்த விலை அது.

அதற்குக் கீழேயே இன்னொரு வரி இருந்தது: பழக்காத பருந்து, ஒன்பது பொற்காசு. பாதி விலை. அதே அலகு, அதே இறக்கை, அதே நகம். விவரம் தெரிந்தவர்கள் ஒன்பதைக் கொடுத்துவிட்டு மிச்சத்துக்கு ஒரு நல்ல கத்தி வாங்கிக்கொள்வார்கள்.

மாய் பதினெட்டைக் கொடுத்தாள். அதற்காகப் பதினோரு சனிக்கிழமை காசு சேர்த்தாள். வாங்கியதும் அதற்குப் பொத்தான் என்று பெயர் வைத்தாள். அதற்குப் பிறகு யாராவது அவளிடம் வந்து, "அந்தப் பருந்தை என்ன விலைக்குக் கொடுப்பாய்?" என்று கேட்டிருந்தால், "உன் மூக்கை என்ன விலைக்குக் கொடுப்பாய்?" என்று திருப்பிக் கேட்டிருப்பாள்.

இத்தனைக்கும் அந்தப் பருந்தை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அது ஒரு தாளில் பென்சிலால் எழுதிய ஒரு வரி, அவ்வளவுதான்.

டுலூத் நகரத்தில், கடல்போல் விரிந்த ஏரியின் கரைக்கு இரண்டு தெரு தள்ளி ஐனோவின் அம்மா தூண்டில் கடை வைத்திருந்தார். முன்பக்கம் தூண்டில், நரம்பு, மண்புழு டப்பா. பின்பக்கம் இரைமீன்கள் நீந்தும் தொட்டிகள். அந்தத் தொட்டிகளின் குளுகுளு சத்தத்துக்கு நடுவில் ஒரு பழைய மேசை. சனிக்கிழமை மத்தியானம் ஆனால் ஐனோ, வென்டெல், மாய் மூன்று பேரும் அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்து 'கருந்தீவுகள்' விளையாடுவார்கள்.

அதில் ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு அந்தக் கதைக்குள் நடப்பார்கள். "நான் கதவைத் திறக்கிறேன்" என்று நீங்கள் சொன்னால் கதவு திறக்கும். இல்லையென்றால் கதவுக்குப் பின்னால் இருப்பது உங்கள் மேல் பாயும். எது நடக்கும் என்று இருபது முகப் பகடை சொல்லும். பகடைக்கும் தெரியாததை விதிப்புத்தகம் சொல்லும்.

கதை நடத்துவது ஐனோ. வயது பதினொன்று. விதிப்புத்தகமும் அவளுடையதுதான். ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான் விற்றபோது மூன்று டாலர் சொன்னார்கள். அட்டை இல்லை, ஓரம் எலி கடித்திருக்கிறது, கடைசிப் பக்கம் கிழிந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டி ஒன்றரை டாலருக்கு முடித்தாள். பகடைகளைச் சும்மா வாங்கிக்கொண்டாள். அம்மாவுக்கு அன்று முழுக்கப் பெருமை.

மலிவாகக் கிடைத்த சாமானில் எங்கேயாவது ஓர் ஓட்டை இருக்கும் என்பார்கள். இருந்தது. அட்டையில் அல்ல, காற்றில்.

*

போன சனிக்கிழமை நடந்தது இது.

சங்கு நீரிணையின் மேல் இருந்த பாலம் உடைந்துவிட்டது. அக்கரைக்குப் போயாக வேண்டும். புயல் வேறு தொடங்கிவிட்டது. மாயின் வேடம் வேட்டைக்காரி. அவள் ஒரு மெல்லிய கயிற்றின் நுனியைப் பொத்தானின் காலில் கட்டி, அக்கரைக்குப் பறக்கச் சொன்னாள். நல்ல யோசனை. வென்டெல்கூட, "பரவால்லியே" என்றான். வென்டெல் அப்படிச் சொல்வது வருஷத்துக்கு இரண்டு தடவை.

ஐனோ புத்தகத்தைப் பிரித்தாள். விலங்குகள் பகுதி, நாற்பத்தேழாம் பக்கம் திறந்துகொண்டது. 'பலத்த காற்றில் பறக்கும் சிறு பறவைக்குப் பகடை போட வேண்டும். பதினைந்துக்குக் குறைந்தால் காற்று அதை அடித்துச் செல்லும்.'

மாய் பகடையை உருட்டினாள். ஒன்பது.

கயிறு அறுந்தது, காற்று பொத்தானைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று ஐனோ சொன்னாள். வென்டெல், "போச்சு," என்று தன் கம்பளித்தொப்பியைக் கழற்றி ஒரு நிமிடம் மடியில் வைத்துக்கொண்டான். மாய் பொத்தானின் பெயர்மேல் கோடு போடவில்லை. தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

அது போன வாரம். இந்த வாரம் என்ன ஆயிற்று என்றால், வென்டெலுக்கு அக்கரையில் இருக்கும் காவலாளிக்கு ஒரு சேதி அனுப்ப வேண்டியிருந்தது. அவன் வேடம் மந்திரவாதி. அவனிடம் மிளகு என்று ஒரு வௌவால் இருந்தது. அதே நீரிணை. அதே புயல்.

இந்தத் தடவை ஐனோ வானிலைப் பகுதியில் அடையாளத் தாள் வைத்திருந்தாள். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். 'பலத்த காற்றில் சிறு உயிர்கள் பாதி வேகத்தில் பறக்கும்.' அவ்வளவுதான். பகடை இல்லை.

மிளகு ஆடி அசைந்து அக்கரை சேர்ந்தது. வென்டெல் ஒரு பாலாடைக்கட்டித் துண்டை வாயில் போட்டுக்கொண்டான்.

மாய் நிமிர்ந்து பார்த்தாள். "போன வாரம் அடிச்சது வேற காத்தா?"

அவள் சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதனால்தான் ஐனோ இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிப் புரட்டினாள். சண்டைக்குக் கேட்டிருந்தால் பதில் சொல்லிவிடலாம்.

"ஒரே காத்துதான்," என்றாள் ஐனோ. "நான் வேற பக்கம் பாத்துட்டேன்."

*

மூன்று தலைகளும் புத்தகத்தின் மேல் குனிந்தன. தேடத் தேடக் காற்று கிடைத்துக்கொண்டே இருந்தது. நாற்பத்தேழில் ஒரு காற்று. நூற்றுப் பன்னிரண்டில் ஒரு காற்று. நூற்று அறுபத்து மூன்றில், கப்பல் பகுதியில், இன்னொரு காற்று. அங்கே பலத்த காற்று என்றால் நல்ல சமாசாரம். படகு வேகமாகப் போகும். மந்திரப் பகுதியில் மந்திரவாதி வாயால் ஊதினால் ஒரு பசுமாடே பறந்துவிடும்.

புயல் அடித்தால் பசுவுக்கு என்ன ஆகும் என்று வென்டெல் தேடிப் பார்த்தான். ஒன்றும் ஆகாதாம். நின்று புல் மேயலாமாம்.

முதல் பக்கத்தில் எழுதியவர்கள் பெயர் இருந்தது. நான்கு பெயர்.

"நாலு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கல போல," என்றான் வென்டெல்.

ஐனோவுக்கு ஒன்றுதான் தோன்றியது. நூற்றுப் பன்னிரண்டைப் பார்த்திருந்தால் பொத்தான் இப்போது மாயின் தோளில் உட்கார்ந்திருக்கும். ஆகவே பொத்தானைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், போன வாரத்தை அழித்துவிடலாம் என்றாள்.

வென்டெல் சுவரைக் காட்டினான்.

தொட்டிக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஐனோவின் கையெழுத்து. 'மேசையில் நடந்தது நடந்ததுதான்.' கீழே மூன்று பேர் கையொப்பம். அது ஏன் வந்தது என்றால், வென்டெலுக்கு முன்பு குந்தர் என்று ஒரு வீரன் இருந்தான். அவனை ஒரு டிராகன் விழுங்கிவிட்டது. வென்டெல் மூன்று வாரம் வழக்காடினான். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன், கேடயம் பிடித்திருந்தேன், டிராகனுக்கு அன்று பசியில்லை என்றெல்லாம் சொன்னான். கடைசியில் ஐனோ இந்தத் தாளை எழுதி ஒட்டினாள்.

"குந்தருக்கு ஒரு நியாயம், பருந்துக்கு ஒரு நியாயமா?" என்றான் வென்டெல். "நான் இல்லேன்னு சொல்லல. அப்படின்னா குந்தரும் வரணும்."

அவன் சொன்னதில் தப்பு இல்லை. அதுதான் சங்கடம்.

மாய் குறுக்கிட்டாள். "எனக்கு வேணாம், ஐனோ. நீ பாவம் பாத்துச் சும்மா குடுத்தா அது பொத்தான் இல்ல. நீ புதுசா எழுதுற ஏதோ ஒரு பருந்து."

பிறகு அவள் தன் தாளை இரண்டாக மடித்தாள். அடுத்த சனிக்கிழமை பெரியம்மா வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். அதற்கடுத்த சனிக்கிழமை என்று ஐனோ கேட்டதற்கு, தெரியவில்லை என்றாள்.

மாய் இந்த ஊருக்கு வந்தே ஏழெட்டு மாதம்தான் ஆகிறது. பள்ளிக்கூடத்தில் அவள் பேசி ஐனோ அதிகம் கேட்டதில்லை. இந்த மேசையில்தான் அவள் சிரித்துக் கேட்டிருக்கிறாள். மடித்த தாளைப் பார்த்தபோது ஐனோவுக்கு அந்த மேசையே மடிந்த மாதிரி இருந்தது.

ஜன்னல் கதவு தடதடவென்று ஆடியது. மே மாதத்தில் டுலூத்தில் அடிக்கும் காற்றுக்கு வெட்கமே கிடையாது. ஏரியில் மிதக்கும் பனிக்கட்டியின் குளிரை எல்லாம் அள்ளிக்கொண்டு வடகிழக்கிலிருந்து வரும்.

"எந்தப் பக்கம் சரின்னு புத்தகத்துக்குத் தெரியல," என்றாள் ஐனோ. "வெளிய காத்து அடிக்குது. போய் அதையே பாத்துட்டு வரலாமா?"

மாய் கொஞ்சம் யோசித்தாள். பிறகு குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டாள்.

ஐனோவின் அம்மா கல்லாவில் உட்கார்ந்து, ஒரு டஜன் இரைமீனுக்கு ஐம்பது காசு குறைக்கச் சொன்ன ஒருவருடன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைகளைப் பார்த்ததும், "கதவை இழுத்துச் சாத்துங்க. உள்ள வர்ற காத்து எதையாவது வாங்கிட்டா போகப்போகுது?" என்றார்.

*

கப்பல் கால்வாயின் ஓரம் நீளமான சுவர். அதன் முனையில் கலங்கரை விளக்கம். சுவர்மேல் நடந்தால் காற்று கன்னத்தில் அறையும்.

முதலில் அவர்கள் பார்த்தது ஒரு கடற்காகம். காற்றை எதிர்த்து, இறக்கையை விரித்து, ஆகாயத்தில் ஆணி அடித்து மாட்டிய மாதிரி அசையாமல் நின்றது. "பாத்தியா? நூத்திப் பன்னெண்டுதான் சரி," என்றான் வென்டெல்.

அவன் சொல்லி முடிப்பதற்குள் ஒரு சிட்டுக்குருவி சுவருக்கு மேலே எழுந்தது. எழுந்ததுதான் தெரியும். காற்று அதை ஒரு கைக்குட்டையைப் போலச் சுழற்றி மறுபக்கம் எறிந்தது. "நாப்பத்தேழு," என்றாள் மாய்.

ஐனோ கலங்கரை விளக்கத்தின் பின்பக்கம் போய் நின்றாள். அங்கே காற்றே இல்லை. தலைமுடி அப்படியே கிடந்தது. இரண்டு அடி தள்ளி நின்றால் மூச்சு முட்டியது. மறுபடியும் உள்ளே வந்தாள். மறுபடியும் வெளியே போனாள். இப்படி ஏழெட்டுத் தடவை செய்தாள். எதிரே ஒருவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். இந்தப் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று அவர் பார்த்தார்.

"நாலு பேர் எழுதினாங்கல்ல," என்றாள் ஐனோ. "ஆளுக்கொரு எடத்துல நின்னு எழுதியிருப்பாங்க."

அப்போதுதான் வென்டெலின் தொப்பி போயிற்று.

சாதாரணத் தொப்பி அல்ல. அவன் சித்தி பின்னிக் கொடுத்தது. உச்சியில் மஞ்சள் குஞ்சம். காற்று அதைக் கழற்றிய வேகத்தில் வென்டெலின் கை தலைக்குப் போனபோது அங்கே தலை மட்டும்தான் இருந்தது.

"போச்சு," என்றான் வென்டெல். போன வாரம் பொத்தானுக்குச் சொன்ன அதே குரல்.

ஆனால் ஐனோ ஓட ஆரம்பித்திருந்தாள். தொப்பி போன பக்கம் அல்ல. தொப்பி கண்ணைவிட்டு மறைந்துவிட்டது. காற்று போன பக்கம் ஓடினாள். முதுகில் காற்றை வாங்கிக்கொண்டு சுவரோரமாக, பாலத்தின் அடியில், வண்டிகள் நிற்கும் திடலைத் தாண்டி, காற்று எங்கே தள்ளியதோ அங்கே.

திடலின் கோடியில் ஒரு கம்பிவலை வேலி. அங்கே வந்து மூன்று பேரும் நின்றார்கள்.

வேலி முழுக்கச் சாமான். ஒற்றைக் கையுறை, சிவப்பு. ஐஸ்கிரீம் கிண்ணம். கிழிந்த பட்டத்தின் வால். ஒரு ரொட்டிப் பை. யாரோ ஒரு பிள்ளையின் கணக்குத் தாள், பத்துக்கு நான்கு மதிப்பெண். அது தானாகப் பறந்ததா, பறக்கவிடப்பட்டதா என்று தெரியவில்லை. எல்லாம் ஒரு கடையில் மாட்டி வைத்ததுபோல வரிசையாகத் தொங்கின. நடுவில், மஞ்சள் குஞ்சம் ஆட, வென்டெலின் தொப்பி.

வென்டெல் அதை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டான். இரண்டு கையாலும் காது வரை இழுத்துவிட்டான்.

ஐனோ வேலியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாய், பொத்தான் எங்க?"

"போயிடுச்சு."

"எங்க போச்சு?"

மாயும் திரும்பி வேலியைப் பார்த்தாள்.

"செத்துப்போச்சுன்னு நான் சொல்லவே இல்ல," என்றாள் ஐனோ. "அடிச்சிட்டுப் போச்சுன்னுதான் புத்தகத்துல இருக்கு. காத்து எதையும் தின்னுடல. எங்கயோ கொண்டுபோய் வெச்சிருக்கு. எங்கேன்னு நாம யாரும் கேக்கல."

*

திரும்பி வந்ததும் ஐனோ தன் குறிப்பு நோட்டை எடுத்தாள். போன வாரத்துப் பக்கம். புயல் மூன்று மணி நேரம் என்று அன்றைக்கே பகடை போட்டு எழுதியிருந்தாள். நூற்று அறுபத்து மூன்றாம் பக்கம் என்ன சொல்கிறது என்றால், பலத்த காற்றில் நங்கூரம் இல்லாமல் அகப்பட்ட எதுவும் மணிக்குப் பன்னிரண்டு மைல் வீதம் காற்றோடு போகும்.

"அது படகுக்கு," என்றான் வென்டெல்.

"'எதுவும்'னு போட்டிருக்கு. பருந்துக்கு நங்கூரம் இருக்கா?"

வென்டெல் அதை ஒப்புக்கொண்டான். ஆனால் அவனிடம் இன்னொரு அம்பு இருந்தது. காற்று எந்தத் திசையில் அடித்தது? திசைக்குப் பகடை போட வேண்டும் என்று வானிலைப் பகுதியில் இருக்கிறது. ஐனோ போட்டாளா? போடவில்லை. இப்போது அவளுக்குப் பிடித்த திசையைச் சொன்னால் அது சலுகை.

ஐனோ திசைக்குப் பகடை போட்டதே இல்லை என்பது உண்மைதான். இந்த ஊரில் பிறந்தவர்களுக்குப் புயல் என்றால் அது வடகிழக்கிலிருந்துதான் வரும். வேறு எங்கிருந்தாவது வரலாம் என்று அவர்களுக்குத் தோன்றவே தோன்றாது. அவள் நோட்டைத் திருப்பிக் காட்டினாள். 'புயல். வ.கி.' என்று எழுதியிருந்தது.

"அதை இப்போ எழுதலன்னு எப்படித் தெரியும்?" என்றான் வென்டெல்.

"போன வாரம் நீ சொன்னதை நானே கேட்டேன்," என்றாள் மாய். "'ஐனோ, உன் புயலெல்லாம் வடகிழக்குலேந்தே வருதே, மத்த திசைக்கெல்லாம் லீவா?' அப்படின்னே."

தன் தராசிலேயே தான் எடை குறைந்துபோன வியாபாரியைப் போல வென்டெல் விழித்தான். பிறகு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மூன்று மணி நேரம், மணிக்குப் பன்னிரண்டு மைல். முப்பத்தாறு மைல். தென்மேற்கே. வரைபடத்தில் ஓர் அங்குலத்துக்குப் பன்னிரண்டு மைல். ஐனோ அடிக்கோலை நீரிணைமேல் வைத்துத் தென்மேற்காகச் சாய்த்தாள். ஓர் அங்குலம், கடல். இரண்டு அங்குலம், கடல். இரண்டரை அங்குலத்தில் தாள் முடிந்துவிட்டது.

மூன்றாவது அங்குலம் மேசைமேல் விழுந்தது. அங்கே அம்மா காலையில் வைத்த காபிக் கோப்பையின் வட்டம் பழுப்பாகக் காய்ந்து கிடந்தது. அடிக்கோலின் முனை சரியாக அதன் நடுவில் நின்றது.

தொட்டி குளுகுளு என்றது.

மாய் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வரைபடத்தின் ஓரத்தோடு ஒட்டினாள். ஐனோ கோப்பையைக் கொண்டுவந்து அதே இடத்தில் கவிழ்த்து, பென்சிலால் சுற்றி வரைந்தாள். கருந்தீவுகளில் எட்டாவது தீவு பிறந்தது. அதைப் பார்த்த மாய் தன் மடித்த தாளைப் பிரித்து நிமிர்த்தி வைத்தாள்.

அங்கே போக ஒரு படகு வேண்டும். படகு வாடகை இருபத்தைந்து பொற்காசு. மாயிடம் இருந்தது இருபத்திரண்டு. ஐனோ வாயைத் திறக்கவில்லை. கதை நடத்துகிறவள் காசு கொடுக்கக் கூடாது.

வென்டெல் தொண்டையைக் கனைத்தான். "என் மந்திரவாதி மூணு தருவான். கடனாத்தான்."

"வட்டி?" என்றாள் மாய்.

"உங்க அம்மா பொரிக்கிற முட்டைக்கோஸ் சுருள் இருக்கே. அதுல வாரத்துக்கு ரெண்டு."

"ஒண்ணு."

"சரி, ஒண்ணு. பெருசா."

இனி மிஞ்சியது ஒன்றே ஒன்று. பருந்து அங்கே இன்னும் உயிரோடு இருந்து, அவள் கண்ணில் படுமா? அதற்கு எந்தப் பக்கத்திலும் விதி இல்லை. எவ்வளவு போட்டால் கிடைக்கும் என்பதை உருட்டுவதற்கு முன்பே பேசி எழுதிவிட வேண்டும் என்றாள் ஐனோ. மூட்டையைப் பிரித்த பிறகு விலை பேசக் கூடாது.

வென்டெல் பதினாறு கேட்டான். மாய் எட்டு என்றாள். அவன் பதினைந்துக்கு இறங்கினான். அவள் ஒன்பதுக்கு ஏறினாள். பதினான்கு, பத்து. பதின்மூன்று, பதினொன்று. ஐனோ பன்னிரண்டு என்று எழுதி அடிக்கோடு போட்டாள். மூன்று பேரும் கையொப்பம் இட்டார்கள்.

மாய் பகடையை இரண்டு கைக்குள்ளும் வைத்துக் குலுக்கினாள். உருட்டினாள். அது மேசை முழுக்க ஓடி, புதுத் தாளின் ஓரத்தில் தடுமாறி நின்றது.

பத்து.

மாய் தலையை ஆட்டிக்கொண்டாள். "பரவால்ல," என்றாள். "எங்கே இருக்குன்னாவது தெரிஞ்சுதே." ரப்பரை எடுத்தாள். போன வாரம் எடுக்காத ரப்பர்.

ஐனோ சுவரில் இருந்த தாளைப் பார்த்தாள். பன்னிரண்டு என்று எழுதியது அவள் கை. நடந்தது நடந்ததுதான் என்று எழுதியதும் அவள் கை.

வென்டெல் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தான். அவனுக்கு அது வழக்கம்தான். தோற்றாலும் பக்கம் புரட்டுவான், ஜெயித்தாலும் பக்கம் புரட்டுவான். ஐம்பத்தாறாம் பக்கத்தில் நின்றான். மூக்கு தாளில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தான். அங்கே விலைப்பட்டியலுக்கு அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது.

அவன் அதைப் படித்தது யாருக்கும் தெரியாது. பேசாமல் புத்தகத்தை மூடியிருந்தால் தெரிந்திருக்கவும் போவதில்லை.

"அந்த ரப்பரைக் கீழ வை," என்றான். சத்தமாகப் படித்தான். "'பழக்கிய பருந்து உரியவரின் சீட்டியைக் கேட்டால் வரும். தேடும்போது பகடையில் இரண்டு கூட்டிக்கொள்க.'"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"ஒம்போது காசுப் பருந்துக்கு இது கிடையாது," என்றான் வென்டெல். "பதினெட்டுக்கு மட்டும்தான். அன்னிக்கு உன்னை ஏமாளின்னு சொன்னேன்ல."

"ரெண்டு தடவை சொன்னே," என்றாள் மாய்.

"ரெண்டையும் வாபஸ் வாங்கிக்கறேன்."

பத்தும் இரண்டும் பன்னிரண்டு.

"சீட்டி அடி," என்றாள் ஐனோ.

மாய் அடித்தாள். நிஜமாகவே அடித்தாள். முன்பக்கம் கடையில் அம்மாவிடம் மண்புழு வாங்கிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

படகு அந்த வட்டத் தீவில் போய் முட்டியது என்று ஐனோ சொல்ல ஆரம்பித்தாள். தீவில் காற்று மோதும் பக்கம் ஒரு முள்வேலி. ஏழு கடலிலும் காற்று தூக்கிய எல்லாம் அந்த வேலியில் தொங்குகின்றன. கிழிந்த பாய்மரங்கள், ஒற்றைக் கையுறை, ஓர் அரசனின் கணக்குத் தாள், பத்துக்கு நான்கு. வேலியின் உச்சிக் கம்பில் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு, ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கிற மாதிரி பொத்தான்.

அதற்குப் பக்கத்தில் ஒரு தலைக்கவசம் தொங்கியது. டிராகன் நெருப்பில் கருகியது. உள்ளே 'கு' என்று பொறித்திருந்தது.

வென்டெல் எழுந்தே நின்றுவிட்டான். "குந்தரா?"

"கவசம் மட்டும்," என்றாள் ஐனோ. "குந்தர் நடந்தது நடந்ததுதான்."

"டிராகன் வயித்துலேந்து இது எப்படி வெளிய வந்துச்சு?"

"அதை மட்டும் கேக்காதே," என்றாள் மாய்.

மூவரும் சிரித்த சிரிப்பில் தொட்டியில் இருந்த இரைமீன்கள் எல்லாம் ஒரே மூலைக்கு ஓடின.

வீட்டுக்குப் போகுமுன் ஐனோ சுவரில் இரண்டாவது தாளை ஒட்டினாள். 'எந்தப் பக்கத்துக் காற்றாக இருந்தாலும், எங்கிருந்து, எங்கே என்று முதலில் கேட்க வேண்டும்.' மூன்று கையொப்பம். அடுத்த வாரமும் பெரியம்மா வீடுதானா என்று அவள் கேட்கவில்லை. பெரியம்மா வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமையும் பஸ் போகிறது என்று மாய் தானாகவே சொன்னாள்.

பிறகு மாய் தன் தாளில் கணக்கை எழுதினாள். மடிப்பு விழுந்த இடத்தில் பென்சில் கொஞ்சம் தடுக்கியது.

பொற்காசு: இல்லை.

வென்டெலுக்குக் கடன்: மூன்று. வட்டி: வாரம் ஒரு சுருள், பெரிது.

பருந்து: ஒன்று. ஓர் இறகு குறைவு.